‘சுருக்கம்’ என்னும் ஒற்றைச்சொல்: ஆங்கில நடைக்குறிப்புச் சொற்களின் வேறுபாடும் தமிழ்த் திறனாய்வு வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரின் கூற்றுமுறையையோ ஒரு நூலின் நடையையோ குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் கன்சைஸ், சக்சிங்க்ட், டெர்ஸ், லகானிக், பித்தி, கர்ட், எலிப்டிகல் முதலிய சொற்கள் தமிழ் ஆய்வுரைகளில் ‘சுருக்கமான நடை’ என்னும் ஒரே தொடரால் பெயர்க்கப்படுவதைக் காணலாம். இவற்றுள் சில பாராட்டு, சில கண்டனம், சில நூலைப் பற்றியன, சில நூலாசிரியனின் இயல்பைப் பற்றியன. ஆகவே இவற்றை ஒன்றாக்கிப் பெயர்க்கும்போது மூல ஆசிரியரின் மதிப்பீடே மாறிவிடுகிறது. இச்சொற்களின் வேறுபாட்டை அவற்றின் சொல்வரலாறு, இன்றைய ஆட்சி ஆகியவற்றின் வழி விளக்கி, நன்னூல், தண்டியலங்காரம் ஆகியவற்றின் கலைச்சொற்களோடும் பேச்சுத்தமிழ் வழக்கோடும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது.

திறவுச் சொற்கள்: நடையியல், சுருங்கச் சொல்லல், குன்றக் கூறல், எச்சம், மொழிபெயர்ப்பு, மரியாதை விகுதி

முன்னுரை

குறுந்தொகைப் பாடல் சுருக்கமானது. திருக்குறள் சுருக்கமானது. நன்னூல் நூற்பாவும் சுருக்கமானதே. இம்மூன்றையும் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துவோர் மூன்றுக்கும் ஒரே அடைமொழியை இடுவாராயின், ஆங்கிலம் நன்கறிந்த வாசகர் மூன்றில் இரண்டையேனும் பிறழ உணர்வார். மறுதலையாக, ஏ.கே. இராமானுசன் 1967இல் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்னும் பெயரில் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்ற காலம் முதலாக, தமிழ் நூல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை தமிழ் ஆய்வாளர்க்கு மேற்கோளாகப் பயன்பட்டு வருகின்றன. அம்மேற்கோள்கள் தமிழாக்கம் பெறும்போது டெர்ஸ், லகானிக், எலிப்டிகல் ஆகிய மூன்றும் ‘சுருக்கமான’ என்றாகிவிட்டால், அந்த ஆங்கில ஆசிரியர் சொல்ல வந்தது என்ன என்பதைத் தமிழ்வழி மட்டும் படிப்பவர் அறிய வழியில்லை.

இருமொழி அகராதிகளை மட்டும் நம்பி இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. அகராதி ஒரு சொல்லுக்கு நான்கைந்து நேர்ச்சொற்களைத் தருகிறது. அடுத்த சொல்லுக்கும் அவற்றுள் மூன்றைத் தருகிறது. சொற்பொருள் ஒன்றையொன்று தழுவும் இடம் அகராதியில் புலப்படுமேயன்றி, அவை பிரியும் இடம் புலப்படாது. ஆய்வாளருக்கு வேண்டுவது பிரியும் இடமே.

வேறுபாட்டை அறியும் வினாக்கள்

ஒரு நடைக்குறிப்புச் சொல்லை எதிர்கொள்ளும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். சொல்லப்பட வேண்டியதில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா? அச்சொல் நூலுக்கு மட்டும் பொருந்துமா, ஆளுக்கும் பொருந்துமா? கேட்பவரின் மனம் அதனால் புண்படுமா?

கன்சைஸ் என்னும் சொல் முதல் வினாவுக்கு ‘விடுபடவில்லை’ என்றே விடையளிக்கும். வெட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து அது பிறந்தது. ஆயினும் வெட்டப்பட்டவை வேண்டாதவை மட்டுமே என்பது அதன் உட்கிடை. 1911இல் முதற்பதிப்புக் கண்ட ஆக்ஸ்போர்டு அகராதி ‘கன்சைஸ்’ என்னும் அடைமொழியைத் தாங்கி வந்தது நினைக்கத்தக்கது. பேரகராதியைவிடச் சிறியது, எனினும் தேடுபவருக்குக் குறை வைக்காதது என்னும் உறுதிமொழி அப்பெயரில் இருக்கிறது. லகானிக் அகராதி என்று ஒருவர் பெயரிட்டால் அது நகைச்சுவையாகவே கொள்ளப்படும். சக்சிங்க்ட் என்பது ஆடையை வரிந்து கட்டுதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்குபவனின் தோற்றத்தை நினைவுகூர்ந்தால் இச்சொல்லின் சாயல் விளங்கும். ஒரு நீண்ட வாதத்தைத் தொங்கல் எதுவும் இன்றி இறுக்கி நாலு வரியில் தருவது சக்சிங்க்ட். இவ்விரண்டும் பெரும்பாலும் உரைக்கே உரியவை. ஒருவரின் குணத்தைச் சொல்ல இவை இயல்பாகப் பயன்படுவதில்லை.

நன்னூல் நூலுக்குரிய பத்து அழகுகளைத் தொகுக்கும்போது சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை இரண்டாவதாகவும் வைக்கிறது. கன்சைஸ் என்பதற்கு நேரானது முதல் அழகு மட்டுமன்று, இரண்டும் சேர்ந்ததே. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் நிற்குமாயின் பத்துக் குற்றங்களுள் முதலாவதாகிய குன்றக் கூறலில் போய் முடியும் வாய்ப்புண்டு. ‘குன்றக் கூறல்’ என்பதற்கு நிகரான தனிச்சொல் ஆங்கிலத்தின் இவ்வரிசையில் இல்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். ஒன்றை அளவுக்கு மீறிச் சுருக்கியதால் பொருள் நிரம்பாமற் போன நிலையை ஆங்கிலத்தார் தொடராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இக்களத்தில் ஆங்கிலமே வளமுடையது, தமிழ் வறியது என்னும் எண்ணத்தோடு ஆய்வைத் தொடங்குவது பொருந்தாது.

டெர்ஸ்: பொருள் மாறிய சொல்

இவ்வரிசையில் ஆய்வாளரை மிகுதியும் ஏமாற்றக்கூடியது டெர்ஸ் என்னும் சொல். துடைத்தல், மெருகிடல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து வந்த இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது ‘துடைத்து மெருகேற்றிய’ என்னும் பொருளையே கொண்டிருந்தது. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதி இதற்கு வழவழப்பையும், ஆரவாரமில்லாத தூய அழகையும் பொருளாகக் காட்டுகிறது. மெருகேற்றுவோர் மிகையைத் துடைத்துவிடுவர். அதன்வழி சொற்சிக்கனம் என்னும் பொருள் கிளைத்தது. சிக்கனம் மிகுந்த இடத்தில் கனிவும் குறையும் என்னும் எதிர்பார்ப்பால் இன்று ‘டெர்ஸான பதில்’ என்றால் பேசியவர் மகிழ்ச்சியில் இல்லை என்னும் குறிப்பும் வந்து சேர்கிறது.

ஆக ஒரே சொல் 18ஆம் நூற்றாண்டு நூலொன்றில் நேர்த்தியையும், இன்றைய இலக்கிய மதிப்புரையில் சொற்சிக்கனத்தையும், நாளிதழ்ச் செய்தியில் எரிச்சலையும் சுட்டக்கூடும். செண்டென்ஷியஸ் என்பதற்கும் இதே நிலைதான். முற்காலத்தில் பொருட்செறிவுள்ள சிறுதொடர்கள் நிறைந்தது என்னும் பாராட்டாக வழங்கியது. இன்று ஓயாமல் அறிவுரை சொல்லும் போலித் தோரணையைக் குறிக்கும் வசையாகவே பெரிதும் வழங்குகிறது. தமிழ் நீதிநூல்களைப் பற்றிய பழைய ஆங்கிலக் குறிப்பொன்றில் இச்சொல்லைக் காணும் ஆய்வாளர் அதை இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டு, ‘மேனாட்டார் நம் நூல்களை இழித்துரைத்தனர்’ என்று முடிவு கட்டுவது எளிது. நூல் வெளியான ஆண்டைப் பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வர வேண்டும்.

லகானிக், கர்ட், பிரஸ்க்: ஆளைச் சுட்டும் சொற்கள்

ஸ்பார்ட்டா நகரம் அமைந்திருந்த நிலப்பகுதியின் பெயர் லகோனியா. அம்மக்கள் குறைவாகப் பேசுவோர் என்னும் புகழ் பெற்றிருந்தனர். மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு, தான் லகோனியாவுக்குள் படையெடுத்து வந்தால் அவர்களை வெளியேற்றிவிடுவதாக எச்சரித்து எழுதியபோது, ‘வந்தால்’ என்னும் பொருள்பட ஒரே சொல்லை அவர்கள் விடையாக எழுதி அனுப்பினர் என்று புளூட்டார்க்கு, அளவின்றிப் பேசுவதன் கேட்டைப் பற்றிய தம் கட்டுரையில் குறிக்கிறார். லகானிக் என்னும் சொல்லின் முழு இயல்பும் இவ்விடையில் இருக்கிறது. அது செய்தியைச் சுருக்கித் தரவில்லை. அச்சமின்மை, ஏளனம், ‘இதற்கு இவ்வளவு போதும்’ என்னும் அலட்சியம் ஆகிய மூன்றையும் அது காட்டுகிறது. லகானிக் என்று ஒருவரைச் சொல்லும்போது அவர் சொன்னதைவிட, சொல்லாமல் விட்டதில் இருக்கும் அமைதியையே ஆங்கிலத்தார் எண்ணுகின்றனர்.

கர்ட் என்பது ‘குட்டையாக்கப்பட்ட, துண்டிக்கப்பட்ட’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியது. இங்கே துண்டிக்கப்படுவது பேச்சு மட்டுமன்று, எதிரிலிருப்பவரும்தான். பிரஸ்க் இன்னும் அகலமானது; குரல், உடலசைவு, கதவைச் சாத்தும் விதம் வரை அது தழுவும். இத்தாலிய மொழியில் அச்சொல்லின் மூலத்திற்குப் புளிப்பு என்னும் பொருள் உண்டு. தமிழில் ‘கடுகடுத்தான்’ என்பதிலும் நாவைச் சுடும் கடுப்பு இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். சுவையால் குணத்தைச் சொல்வது இரு மொழிக்கும் இயல்பாகவே இருந்திருக்கிறது.

இவற்றின் வேறுபாட்டைக் கற்பனை உரையாடல் ஒன்றால் விளக்கலாம். மாணவர் ஒருவர் தம் நெறியாளரிடம், ‘ஐயா, என் கட்டுரையைப் பார்த்துத் தருவீர்களா?’ என்று கேட்பதாகக் கொள்வோம். ‘தருகிறேன், வியாழக்கிழமை வந்து பெற்றுக்கொள்ளுங்கள், மேற்கோள்களை மட்டும் முன்னரே மூலத்தோடு ஒப்பிட்டு வையுங்கள்’ என்பது கன்சைஸான விடை. ‘வியாழன் வாருங்கள். மேற்கோள்களைச் சரிபாருங்கள்’ என்பது டெர்ஸ். ‘இப்போது நேரமில்லை’ என்று முகம் நிமிராமல் சொல்வது கர்ட். ‘எழுதி முடித்திருந்தால்’ என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தம் படிப்பைத் தொடர்வது லகானிக். நான்கும் சுருக்கமே. மாணவர் அன்று வீடு திரும்பும் மனநிலை நான்கிலும் ஒன்றாக இராது.

இவ்வெடுத்துக்காட்டு தமிழுக்கேயுரிய ஓர் உண்மையையும் வெளிப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் டெர்ஸ் எங்கே முடிந்து கர்ட் எங்கே தொடங்குகிறது என்பதைக் குரலும் சூழலுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன, வினைவடிவம் உதவுவதில்லை. தமிழில் விகுதி அதை முடிவு செய்கிறது. ‘வாருங்கள்’ என்னும் ஒரு சொல் விடை எத்துணைச் சிறியதாயினும் மதிப்பைக் காத்துக்கொள்கிறது. ‘வா’ என்பது உறவையும் வயதையும் பொறுத்து அன்பாகவோ அவமதிப்பாகவோ மாறும். வினையையே விட்டுவிட்டு ‘வியாழன்’ என்று மட்டும் சொன்னால், மதிப்பு விகுதியைத் தரும் கடமையிலிருந்து பேசுபவர் நழுவிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் வெறும் சிக்கனமாகத் தோன்றும் ‘தர்ஸ்டே’ தமிழில் சற்றே உறுத்துவது இதனால்தான். ஆங்கிலப் புதினத்தின் உரையாடலைத் தமிழாக்குவோர் இவ்விடத்தில் மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தாமே எடுக்க வேண்டியிருக்கிறது. அம்முடிவை நடைக்குறிப்புச் சொல்லின் பொருளறியாமல் எடுக்க இயலாது.

பித்தி: உவமை கடவாத சொல்

பித்து என்னும் தமிழ்ச் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. செடித் தண்டின் நடுவிலுள்ள மென்மையான பகுதியை ஆங்கிலத்தில் ‘பித்’ என்பர். அதிலிருந்து சாரம் என்னும் பொருளும், சாரமுள்ள சிறுதொடர் என்னும் பொருளும் கிளைத்தன. தமிழில் இவ்வுவமையை அப்படியே கொண்டுவர முயன்றால் எதிர்மறைப் பொருளே கிட்டும். தண்டின் மென்மையான உட்பகுதி நமக்கு நெட்டி, எடையற்றது. வைரம் ஏறாத மரம் வெளிறு. அச்சொல் அறியாமையையும் வெறுமையையும் குறிக்கும். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் பகுக்கிறது. மரத்தின் மதிப்பு அதன் உள்வைரத்தில் இருப்பதாகக் கண்ட மரபு இது. ‘சாரம்’ என்னும் வடசொல்லுக்கும் மரத்தின் வைரம் என்னும் பொருள் உண்டு. ஆங்கிலத்தார் மென்மையில் கண்ட உட்பொருளைத் தமிழும் வடமொழியும் கடினத்தில் கண்டன. எனவே பித்தி என்பதைக் ‘காழ்கொண்ட சிறுதொடர்’ என்றோ ‘வைரம் பாய்ந்த சொல்’ என்றோ பெயர்ப்பது உவமையை மாற்றினாலும் மதிப்பீட்டைக் காக்கும்.

திருக்குறளுக்கு மிகப் பொருந்தும் ஆங்கில அடைமொழி இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. ஏழு சீருக்குள் ஒரு கருத்து நிரம்பி நிற்கிறது. வேறொரு குறளின் துணையின்றியும் அதை எடுத்தாள முடிகிறது. நன்னூல் நூற்பாவுக்கு இவ்வடைமொழி பொருந்தாது. நூற்பா முன்னும் பின்னும் உள்ள நூற்பாக்களை நம்பி நிற்பது. காண்டிகையும் விருத்தியும் ஆகிய உரைகள் வந்து சேர்ந்த பின்னரே கற்பவருக்கு நிரம்புவது. மிகையனைத்தும் துடைக்கப்பட்ட அதன் நிலைக்கு டெர்ஸ் என்னும் சொல், அதன் பழம்பொருளிலும் புதுப்பொருளிலும், ஏற்றது.

எலிப்டிகல்: விடுபாடே நடையாதல்

குறுந்தொகை வேறு வகையினது. நான்கு முதல் எட்டடிக்குள் அமையும் அப்பாடல்களில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், ஏன் இப்போது பேசுகிறார் என்பன பெரும்பாலும் பாடலுக்குள் சொல்லப்படுவதில்லை. அவற்றைக் கூற்றுக் குறிப்பும் திணை மரபும் நிரப்புகின்றன. தலைவி ஓரிரு நிலக்காட்சிகளைச் சொல்லி நிறுத்திக்கொள்வாள். எஞ்சியதைத் தோழியும், அவளோடு கற்பவரும் உய்த்துணர்வர். இந்நிலைக்கு ஆங்கிலத்தில் எலிப்டிகல் என்று பெயர். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக ‘எச்சம்’ என்பதை வைத்திருப்பதால் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இல்லை. ‘எச்சம் பயின்ற நடை’ என்றால் போதும். இதைச் ‘சுருக்கமான நடை’ என்று சொல்வோர், முழுமையாகச் சொல்லப்பட்ட ஒன்று சிறிதாக்கப்பட்டது என்னும் பிழையான எண்ணத்தை உண்டாக்குகின்றனர். குறுந்தொகையில் சிறிதாக்கப்பட்டது எதுவுமில்லை. சொல்லாமை அங்கே தொடக்கத்திலிருந்தே ஒரு முறை.

‘செறிவு’ என்னும் சொல்லை இவ்விடத்தில் ஆள்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். இன்றைய திறனாய்வில் செறிவு என்பது பொருட்செறிவு. தண்டியலங்காரம் கூறும் பத்துக் குணங்களுள் ஒன்றாகிய செறிவோ நெகிழ்ந்த இசை இல்லாமையைக் குறிப்பது; அது ஓசையைப் பற்றியது. அந்நூலே ‘உய்த்தலில் பொருண்மை’ என்று ஒரு குணத்தையும் சொல்கிறது. கற்பவர் தாமாக எதையும் வருவித்துக்கொள்ளத் தேவையில்லாமல் பொருள் சொல்லிலேயே நிறைந்திருத்தல் அது; எலிப்டிகல் என்பதற்கு நேர் எதிர்நிலை. எனவே அணியிலக்கண நோக்கில் எழுதப்படும் கட்டுரையில் ‘சங்கப்பாடலின் செறிவு’ என்று எழுதுபவர் எந்தச் செறிவைக் கருதுகிறார் என்று தெளிவுபடுத்தாவிட்டால் கற்பவர் தடுமாறுவர்.

உரைநடையில் இதற்கு அண்மையானது புதுமைப்பித்தன் நடை. கருத்தின் வேகத்தை முதன்மையாக்கித் தாவிச் செல்லும் நடை என்று அவரே தம் எழுத்தைப் பற்றிக் குறித்திருக்கிறார். திறனாய்வாளர் அதைத் தவளைப் பாய்ச்சல் என்பர். சூத்திர நிலை நான்கனுள் ஒன்றாகிய தவளைப் பாய்த்து, இடையிட்டுச் சென்று இயையும் நூற்பாக்களைப் பற்றியது. இரண்டிலும் அளவு குறைவது முதன்மையன்று. இணைப்பு விடுபடுவதே முதன்மை. புதுமைப்பித்தனைக் கன்சைஸ் என்று ஆங்கிலத்தில் எழுதினால், எதையும் விட்டுவிடாத ஒழுங்கான எழுத்தாளர் ஒருவரை வாசகர் எதிர்பார்ப்பார்.

மிகுதியைச் சுட்டும் சொற்கள்

மறுபக்கத்தைச் சுருக்கமாகவே நோக்கலாம். ஏனெனில் இங்கே தமிழாக்கத்தில் குழப்பம் குறைவு. வெர்போஸ் என்பது வேண்டாத சொற்களால் பெருத்தது. மிகைபடக் கூறல் அதற்கு நேராகும். புரோலிக்ஸ் என்பது கேட்போர் சலிக்குமளவு நீளுதல். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் சுருக்கத்தைப் புகழத் தொடங்கி அதையே நீட்டிச் செல்லும் பொலோனியஸ் சிறந்த சான்று. டிஸ்கர்சிவ் என்பதை மற்றொன்று விரித்தல் என்று பெயர்க்கலாம். ஆனால் அது ஆங்கிலக் கட்டுரை மரபில் எப்போதும் குற்றமாகாது என்பதை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். கேருலஸ் என்பது நூலைவிட ஆளுக்கே உரியது. ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘எம்மா’ புதினத்தில் வரும் மிஸ் பேட்ஸ் என்னும் பாத்திரம் கேருலஸ். அவள் பேச்சில் பொருளற்ற சிறு செய்திகள் கொட்டுகின்றன, ஆனால் அகந்தை இல்லை. லொக்குவேஷியஸ் என்பதில் கண்டனம் இன்னும் மெல்லியது.

பாம்பாஸ்டிக் என்னும் சொல் மட்டும் தனிக் கவனத்திற்குரியது. பாம்பாஸ்ட் என்பது உடையைப் புடைக்கச் செய்ய உள்ளே திணித்த பஞ்சு. பொருளின்றிப் புடைத்த மொழிக்கு அது பெயராயிற்று. நன்னூல் பாயிரமும் பஞ்சை உவமையாக்குகிறது. அங்கே சொல் பஞ்சாகிறது, புலவன் அதை நூற்கிறான், நூல் பிறக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாம்பாஸ்டிக் என்பதற்கு ‘நூற்காத பஞ்சு’ என்று தமிழ்மரபுக்குள்ளிருந்தே விளக்கம் தர முடிகிறது. ‘ஆடம்பர நடை’ என்னும் வழக்கமான பெயர்ப்பில் செல்வச் செழிப்பின் சாயல் இருப்பதால் கண்டனம் மழுங்கிவிடுகிறது.

ஆய்வுநடை ஒதுக்கும் வளம்

‘வளவள’, ‘தொணதொண’, ‘சளசள’, ‘லொடலொட’ என்பவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைத் தமிழர் யாரும் வைப்பதில்லை. வளவளவென்பது கட்டுக்கோப்பற்ற பேச்சு. தொணதொணவென்பது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி அரிப்பது. அவ்வாறே குறைவைச் சுட்டவும் ‘வெடுக்கென்று சொன்னார்’ என்பது கர்ட். ‘வெட்டொன்று துண்டிரண்டாக’ என்பது மழுப்பாத முடிவு. ‘நறுக்குத் தெறித்தாற்போல்’ என்பது சக்சிங்க்ட், பித்தி ஆகிய இரண்டின் எல்லையிலும் நிற்பது. நடையியல் நோக்கில் இவை அனைத்தும் நுட்பமான கலைச்சொற்கள். எனினும் ஆய்வேடுகளில் இவற்றுக்கு இடமில்லை. பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவிட்டுச் ‘சுருக்கமாகக் கூறுகிறார்’, ‘விரிவாகக் கூறுகிறார்’ என்னும் இரண்டனுள் அடங்கிவிடுகிறோம். இவ்வொதுக்கலுக்கு இலக்கணச் சான்று எதுவுமில்லை. இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறியிருக்க, அதை ஆய்வுநடைக்கு ஆகாதது என்று கொள்வது நாமே இட்டுக்கொண்ட தடை.

லகானிக் என்பதற்கு மட்டும் இலக்கண நூலிலும் பேச்சிலும் ஒரு சொல் நிகராக அமையவில்லை. ‘சிறுசொல்’ இழிசொல்லைக் குறித்துவிடும். ‘குறுமொழி’ அளவை மட்டும் சொல்லும். ‘மிதபாஷி’ என்னும் வடசொல்லில் அடக்கம் உண்டு, ஆனால் ஸ்பார்ட்டாவின் ஏளனம் இல்லை. ஒரு சொல்லைப் புதிதாகப் படைப்பதைவிட, ‘அசையாத முகத்தோடு இரண்டொரு சொல்லில் முடித்துக்கொள்ளும் இயல்பு’ என்று அந்தந்த இடத்திற்கேற்ப விரித்தெழுதுவதே தகும். குறைவான சொல்லைக் குறிக்கும் ஒரு சொல்லை நிறைய சொற்களால் பெயர்க்க நேர்வது மொழிபெயர்ப்பாளருக்குச் சிறிது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விரிவு மிகைபடக் கூறல் ஆகாது.